பிள்ளைகளின் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளின் பாதுகாப்பு, தற்காப்புப் பயிற்சி ஆகியவை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். திருநெல்வேலியிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறோம்.

என் மகளுக்கு ஏழு வயது ஆகிறது. எங்கள் தெருவில் சிலம்பம் கற்பிக்கும் ஆசான் ஒருவர் இருக்கிறார். பள்ளியிலோ கராத்தே வகுப்பு நடக்கிறது. தற்காப்புக்கு எது சிறந்தது? எந்த வயதில் சேர்க்கலாம்?
(ஒரு தாய், பாளையங்கோட்டை)

ஏழு வயதில் இரண்டில் எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். குழந்தைக்கு எதில் விருப்பம் இருக்கிறதோ, எந்த ஆசிரியரிடம் அவள் மனம் ஒன்றிப் பழகுகிறாளோ அதுவே சிறந்தது. ஆனால், இருபது கிலோ எடையுள்ள ஒரு சிறுமி வளர்ந்த ஆள் ஒருவரை அடித்து வீழ்த்திவிடுவாள் என்ற நம்பிக்கையோடு மட்டும் சேர்க்க வேண்டாம். அந்த நம்பிக்கை பெற்றோருக்குப் பொய்யான நிம்மதியைத் தரும். குழந்தையின் தலையிலோ, 'நான் ஏன் திருப்பி அடிக்கவில்லை' என்ற சுமையை ஏற்றிவிடும். குழந்தையின் தற்காப்புக்கு ஒரே நோக்கம்தான் உண்டு: பிடியிலிருந்து விடுபட்டு, நம்பிக்கையானவர்கள் இருக்கும் இடத்துக்கு ஓடி, நடந்ததைச் சொல்வது.

சிலம்பத்தில் ஒரு நன்மையைக் காண்கிறேன். நெற்றி உயரக் கம்பை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆசான் தொடக்கத்தில் கற்பிக்கும் காலடி வரிசையும், எதிரில் நிற்பவருக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கும் பழக்கமும், பின்னால் வரும் ஆளை உணர்ந்து திரும்பும் வேகமும் கம்பை வைத்த பிறகும் அவளோடு வரும். கராத்தேயில் குழந்தைகள் பெரும்பாலும் 'காட்டா' எனப்படும், முன்பே வகுத்த அசைவு வரிசைகளையும் பெல்ட் தேர்வுக்கான அடிகளையும் பயில்கிறார்கள். பிடியிலிருந்து விடுபடுதல், உரக்கக் குரல் கொடுத்தல், விலகி ஓடுதல் ஆகியவற்றையும் சொல்லித் தருவீர்களா என்று மாஸ்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. உங்கள் மகள் அந்த வகுப்பை எட்டும்போது, அப்பயிற்சி நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

மணிக்கட்டுப் பிடியிலிருந்து விடுபடும் முறையை வீட்டிலேயே கற்பிக்கலாம். ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்கும்போது நான்கு விரல்கள் ஒரு பக்கமாகவும் கட்டைவிரல் மறுபக்கமாகவும் சுற்றி வருகின்றன. கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனிகளும் சந்திக்கும் இடந்தான் அந்தப் பிடியின் பலவீனமான பகுதி. பயந்த குழந்தை இயல்பாகவே பின்னோக்கி இழுக்கும். அப்படி இழுத்தால் நான்கு விரல்களின் பலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மாறாக, கையை முஷ்டியாக்கி, பிடித்தவரை நோக்கி ஓரடி முன்வைத்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டின் மெலிந்த ஓரத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, கட்டைவிரல் இருக்கும் பக்கமாகச் சட்டென்று உருவ வேண்டும். பிடித்தவர் இரண்டு கைகளாலும் பற்றியிருந்தால், குழந்தை தன் மற்றொரு கையால் தன் முஷ்டியையே பிடித்து மேல்நோக்கி இழுக்கலாம். அப்பாவும் மகளும் மாலையில் மொட்டை மாடியில் சில நிமிடங்கள் விளையாட்டாகவே இதைப் பழகலாம். அப்பா மெதுவாகப் பிடிக்கத் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பயிற்சியின்போது அப்பா வேண்டுமென்றே தோற்றுப்போவதும் கூடாது, குழந்தை அழும்வரை இறுக்குவதும் கூடாது.

கையை உருவும் அதே நேரத்தில் குரலும் வர வேண்டும். நம் பெண்குழந்தைகளை 'சத்தம் போடாதே' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அதனால் உண்மையான ஆபத்து வரும்போது பல குழந்தைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவயம் (கூச்சல்) போடவும் பழக்கித்தான் ஆக வேண்டும். வெறுமனே அழுதால், அடம்பிடிக்கும் பிள்ளையைத் தகப்பன் இழுத்துப் போகிறான் என்று பேருந்து நிலையத்தில் நிற்பவர்கள் எண்ணிக்கொள்வார்கள். ஆகவே, 'இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது, என்னை இழுக்கிறான்' என்ற முழுச் சொற்களை உரக்கச் சொல்லப் பழக்குங்கள். பிடி விடாவிட்டால் கடிக்கலாம், பாதத்தின் மேல் குதிகாலால் மிதிக்கலாம், தரையில் உட்கார்ந்து உடலைக் கனமாக்கலாம். இவை யாவும் அவளுக்கு அனுமதிக்கப்பட்டவை என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள்.

இன்னும் ஒன்று. தற்காப்பு வகுப்பில் ஆசிரியர் மாணவரைத் தொட்டுத்தான் கற்பிக்க வேண்டியிருக்கும். அதனாலேயே அந்த வகுப்பு திறந்த இடத்தில், பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்கார்ந்து பார்க்கும்படி நடக்க வேண்டும். 'பெற்றோர் இருந்தால் பிள்ளைகள் கவனம் சிதறும்' என்று சொல்லிக் கதவை அடைக்கும் இடத்தில், அவர் எவ்வளவு பெரிய ஆசானாக இருந்தாலும், குழந்தையை விட வேண்டாம்.

மூன்றரை வயது மகளுக்கு உடல் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லித் தர விரும்புகிறேன். 'பச்சைப் பிள்ளையிடம் என்னத்தைப் பேசுகிறாய்' என்று என் தாயார் ஏசுகிறார். எந்த வயதில், எந்தச் சொற்களில் தொடங்குவது?
(ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்)

இப்போதே தொடங்கலாம். கண், காது, மூக்கு என்று குழந்தை கற்றுக்கொள்ளும் அதே பருவத்தில், குளிப்பாட்டும் நேரத்தில், மறைவான உறுப்புகளின் பெயர்களையும் அதே இயல்பான குரலில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் செல்லமாக எந்தப் பெயர் வழங்கினாலும், 'பிறப்புறுப்பு', 'மார்பு' போன்ற பொதுவாக எல்லோருக்கும் விளங்கும் பெயரையும் குழந்தை அறிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் ஒரு செல்லப் பெயரை வைத்துக் குழந்தை தன் ஆசிரியையிடம் எதையாவது சொன்னால், அந்த ஆசிரியைக்கு அது விளங்காமலே போய்விடும்.

சொல்ல வேண்டிய விதி எளியது. உள்ளாடை மறைக்கும் இடங்களை வேறு யாரும் தொடவோ, பார்க்கவோ, படம் எடுக்கவோ கூடாது. தங்களுடையதைத் தொடச் சொல்லவோ, காட்டவோ கூடாது. குளிப்பாட்டும் அம்மா, அப்பா, ஆச்சி ஆகியோரும், பெற்றோர் அருகில் இருக்கும்போது பரிசோதிக்கும் மருத்துவரும் இதற்கு விலக்கு. அந்த விலக்குப் பெற்றவர்களாக இருந்தாலும், 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று சொன்னால் அது உடனே சொல்லப்பட வேண்டிய செய்தி.

பள்ளிகளில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று கற்பிக்கிறார்கள். அந்த முயற்சியை மதிக்கிறேன்; ஆனாலும் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. குழந்தையை வசப்படுத்த நினைப்பவர் முதல் நாளே வலிக்கும்படி தொடுவதில்லை. மிட்டாய் தருவார், கிச்சுகிச்சு மூட்டுவார், போனைக் கொடுத்து விளையாட விடுவார். அந்தத் தொடுதல் குழந்தைக்குப் பிடித்தும் இருக்கலாம். 'கெட்டதாகத் தோன்றினால் சொல்' என்று மட்டும் கற்பித்திருந்தால், தனக்குக் கெட்டதாகத் தோன்றாததைக் குழந்தை சொல்லாது. பின்னர் புரியும்போது தானும் உடந்தை என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும். ஆகவே குழந்தையின் உணர்வை அளவுகோலாக வைக்காமல், தொடும் இடத்தையும் இரகசியத்தையும் அளவுகோலாக வையுங்கள். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது போன்றவை சில நாளில் எல்லோருக்கும் தெரியவரும், அவை இருக்கலாம். எப்போதுமே சொல்லக் கூடாது என்று பெரியவர் ஒருவர் கேட்டுக்கொள்ளும் இரகசியம் நம் வீட்டில் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நாம் விட்டொழிக்க வேண்டிய ஒரு பழக்கமும் உண்டு. விருந்தாளி வந்ததும் 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு, மடியில் போய் உட்கார்' என்று குழந்தையைத் தள்ளிவிடுகிறோம். அது மறுத்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தால் 'மரியாதை தெரியாத பிள்ளை' என்று ஏசுகிறோம். பெரியவர்களுக்கு முன்னால் தன் உடலைப் பற்றித் தனக்குச் சொல் இல்லை என்ற பாடத்தை அந்த இடத்தில்தான் குழந்தை கற்கிறது. கைகூப்பி 'வாங்க மாமா' என்று சொல்லப் பழக்கினால் மரியாதைக்கு ஒரு குறையும் வராது.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. 'தெரியாதவர்களிடம் போகாதே' என்பதோடு நிறுத்திக்கொண்டால், அந்தப் பத்தில் ஒன்றை மட்டுமே காவல் காத்தவர்களாவோம். உங்கள் தாயாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவரை எதிர்த்துக்கொண்டு செய்ய வேண்டாம், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளவில் எல்லாப் பிள்ளைகளும் கதை கேட்க வந்து உட்கார்வது ஆச்சியிடந்தான். 'உன்னை யாராவது தொட்டால் ஆச்சியிடம் வந்து சொல்' என்று அவர் ஒரு முறை சொன்னால், அது நாம் பத்து முறை சொல்வதைவிட ஆழமாகப் பதியும்.

எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். நாள் முழுவதும் பீடி சுற்றுவதால் அவர்களை அதிகம் கவனிக்க முடிவதில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் இதெல்லாம் சொல்ல வேண்டுமா?
(ஒரு தாய், முக்கூடல்)

கட்டாயம் சொல்ல வேண்டும். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொன்னவர்களில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் அனைவரையும் ஒன்றுபோலவே காக்கிறது. 'ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது' என்ற சொல்லே சிறுவர்களின் வாயைக் கட்டிவைக்கிறது. உங்கள் வீட்டில் அந்தச் சொல் வேண்டாம்.

கவனிக்க நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டும்போதும் காது சும்மாதானே இருக்கிறது. பள்ளிவிட்டு வந்ததும் பையன்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'இன்னைக்கு எது பிடிச்சது, எது பிடிக்கல' என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்லும் அற்பமான சண்டைகளையும் கோபப்படாமல் கேட்டால், பெரியது நடக்கும் நாளில் உங்களிடமே வருவார்கள்.

எங்கள் உறவுக்காரச் சிறுமி, தன் நெருங்கிய உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததாகத் தன் தாயிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், 'வெளியே தெரிந்தால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும், நாங்களே பேசி முடித்துவிடுகிறோம்' என்கிறார்கள். அந்தத் தாய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.
(ஒரு வாசகி, வள்ளியூர்)

இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திருக்காமல் தனியாகவும் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே நிலையில் வேறு தாய்மாரும் இருப்பார்கள் என்பதால் இங்கும் விரிவாக எழுதுகிறேன்.

குழந்தை சொன்ன அந்தக் கணத்தில் தாயின் முகத்தைத்தான் பார்க்கும். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், தான் சொன்னதால்தான் அம்மா அழுகிறாள் என்று எண்ணி அடுத்த நிமிடமே 'சும்மா சொன்னேன்' என்று மாற்றிவிடும். மனத்துக்குள் எரிந்தாலும் குரலைத் தாழ்த்தி, 'நீ சொன்னது ரொம்ப நல்லதும்மா. அம்மா உன்னை நம்புதேன். இதுல உன் மேல ஒரு தப்பும் இல்ல' என்று சொல்ல வேண்டும். 'ஏன் முன்னாடியே சொல்லல', 'நீ ஏன் அங்க போன' என்ற கேள்விகள் வாயிலிருந்து வரவே கூடாது. என்ன நடந்தது என்பதைக் குழந்தை தானாகச் சொல்லும் அளவுக்கு மட்டும் கேட்டுக்கொண்டு, அதன் சொற்களையே தேதியோடு எழுதிவைக்க வேண்டும். சித்தி ஒரு முறை, பெரியம்மா ஒரு முறை என்று ஆளாளுக்கு விசாரித்தால் குழந்தை ஒவ்வொரு முறையும் அதே வேதனைக்குள் போய் வரும், வழக்கும் வலுவிழக்கும்.

'பேசி முடிப்பது' என்ற வழிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்காமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மீது எந்த வழக்கும் வராது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அந்த ஆளை மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பினால், அவர் அடுத்த கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் இதே குழந்தைக்கு எதிரில் வந்து உட்காருவார். அந்தக் குடும்பத்திலேயே வேறு குழந்தைகளும் இருப்பார்கள் அல்லவா?

வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்தை உணர்ந்துதான் சட்டத்தை இயற்றியிருக்கிறார்கள். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே அதைச் செய்ய வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். இவற்றில் எது மீறப்பட்டாலும் அங்கேயே சுட்டிக்காட்டும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு.

முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் மனநல ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்யக்கூடியவை. அண்மையில் நடந்த சம்பவம் என்றால், குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். முதல் தகவல் அறிக்கை இல்லை என்று காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். புகாருக்கு முன் அந்த உறவினரிடம் போய்ச் சண்டையிடுவதையும் தவிர்க்க வேண்டும். அது அவருக்கு எச்சரிக்கையாகிவிடும்.

அந்தத் தாய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரோடு காவல் நிலையத்துக்குப் போவீர்களானால் அவர் தனியாக நிற்க மாட்டார்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிப் பேருந்து நிறுத்தத்திலும் பேருந்திலும் மூத்த மாணவர்கள் சாதியைச் சொல்லி மிரட்டுகிறார்கள், பணம் கேட்கிறார்கள். தற்காப்புக் கலை கற்று அவன் திருப்பி அடிக்கட்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
(ஒரு தந்தை, நாங்குநேரி வட்டம்)

திருப்பி அடிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். ஒருவனைத் தடுக்கக் கற்றுக்கொள்ளலாம். நாளை பத்துப் பேர் ஆயுதத்தோடு வருவதைக் கலை எதுவும் தடுக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். உடன்படித்த மாணவர்களின் துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் தெரிவித்த பட்டியலின மாணவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றி அடையாளங்கள் ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே பிள்ளையின் பாதுகாப்பு பிள்ளையின் கைப்பலத்தில் இல்லை. புகாரைப் பெறும் பெரியவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகவே புகாரை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். எந்த நாள், எந்தப் பேருந்து, என்ன சொன்னார்கள் என்பதை மகனைக் கொண்டே எழுதவையுங்கள். புகார் கொடுத்தது யார் என்பது எதிர்த்தரப்பு மாணவர்களுக்கு வகுப்பறையில் வைத்துத் தெரிவிக்கப்படக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் உறுதி கேளுங்கள். இது மிக முக்கியம். பள்ளியில் நடவடிக்கை இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தெரிவியுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல்துறைக்குப் போகத் தயங்க வேண்டாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்படுபவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கும். மகன் சில நாட்கள் நண்பர்களோடு சேர்ந்து பயணம் செய்யட்டும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அருகிலேயே நிற்கட்டும்.

எதிர்ப்பக்கத்துப் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் கையில் கட்டியிருக்கும் கயிறு யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று இன்று இரவே கேளுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்கிறோம். கூட்டத்தில் தொலைந்துபோனால் என்ன செய்யச் சொல்லித் தரலாம்?
(ஒரு வாசகர், திருநெல்வேலி டவுன்)

தொலைந்தது தெரிந்ததும் தேடி அலையாமல் நிற்க வேண்டும். ஆனால் வடத்துக்கும் தேர்ச் சக்கரத்துக்கும் அருகில் இருந்தால் முதலில் கடைகளின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். சீருடையில் இருக்கும் காவலரையோ, கடையில் உட்கார்ந்திருப்பவரையோ, குழந்தையோடு வந்திருக்கும் ஒரு தாயையோ குழந்தை தானாகப் போய் அணுக வேண்டும். தானாக வந்து 'வா, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்' என்று அழைப்பவரோடு போகக் கூடாது. அம்மா, அப்பா இருவரின் முழுப் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு எண்ணைச் சட்டையின் உட்புறம் எழுதிவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். ரத வீதிக்குள் நுழையும்போதே, குழந்தையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் காவல் உதவி மையத்தில் காட்ட உதவும்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இணையத்தில் பழகிய ஒருவருக்கு என் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன். இப்போது பணம் தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறார். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது.
(ஒரு மாணவி)

மகளே, உன் கடிதத்தில் தொடர்பு முகவரி இல்லாததால் இங்கே எழுதுகிறேன். முதலில் 1098க்கோ, தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணுக்கோ இப்போதே பேசு. சாக வேண்டும்போல இருக்கிறது என்பதையும் அப்படியே சொல். உன் வயதில் ஒருவரை நம்பியது குற்றமில்லை. குழந்தையின் படத்தை வைத்து மிரட்டுவதுதான் குற்றம். சட்டம் உன் பக்கம் நிற்கிறது.

பணம் கொடுக்காதே, ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார். இன்னொரு படமும் அனுப்பாதே. அவருடைய செய்திகளை அழித்துவிடாமல், கணக்கின் பெயரும் எண்ணும் தெரியும்படி போன் திரையைப் படம் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் அவரைத் தடை செய். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணிலும் புகார் அளிக்கலாம். இவற்றைத் தனியாகச் செய்ய வேண்டாம். அம்மாவிடம் சொல்ல முடியவில்லையென்றால் அத்தையிடமோ, நீ நம்பும் ஆசிரியையிடமோ இந்தப் பக்கத்தை நீட்டு. வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்: தப்புச் செய்தால் போனைப் பிடுங்குவேன், படிப்பை நிறுத்துவேன் என்று நாம் சொல்லிவைத்திருப்பதுதான் மிரட்டுபவரின் கையில் உள்ள ஆயுதம். 'என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் வா, தண்டனை கிடையாது' என்று இன்று சொல்லுங்கள். எவரேனும் இப்படி ஒரு படத்தை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எச்சரிக்கை செய்வதற்காகக்கூட அதை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள், அதுவும் குற்றமே.

என் மகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எல்லோரும் 'உரக்கக் கத்து' என்றுதான் கற்பிக்கிறார்கள். அவளுக்கு நான் எதைச் சொல்லித் தருவது?
(ஒரு தாய், சேரன்மகாதேவி)

கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிடுங்கள். அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டினால் பள்ளியிலும் ஆட்சேபிக்க மாட்டார்கள். தன் காதில் விழாவிட்டாலும் அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும் என்பதை, உங்கள் வயிற்றில் அவள் கையை வைத்து ஊதிக் காட்டினால் புரிந்துகொள்வாள். பின்னால் வருபவரின் காலடி அவளுக்குக் கேட்காது என்பதால், நடக்கும்போது கடைக் கண்ணாடியிலும் நிழலிலும் பார்க்கும் பழக்கத்தையும், சுவரை ஒரு பக்கமாக வைத்து நடக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். மணிக்கட்டை உருவும் முறைக்குக் காது தேவையில்லை. அதை அவள் மற்றக் குழந்தைகளைப் போலவே கற்பாள்.

உடல் உறுப்புகளுக்கும், 'தொட்டார்', 'பயம்', 'வேண்டாம்', 'யார்' என்பவற்றுக்கும் உரிய சைகைகள் அவளுக்கும் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் சாப்பாடு, பள்ளி, தூக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே சைகை இருக்கிறது. நடந்ததைச் சொல்ல அவளிடம் மொழியே இல்லையென்றால் அவள் எப்படிச் சொல்வாள்? பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த செவித்திறன் குறைந்தோர் பள்ளி இருக்கிறது. அங்குள்ள சிறப்பு ஆசிரியர்களிடம் கேட்டால் இந்தச் சைகைகளைக் கற்பிக்க வழிகாட்டுவார்கள். அவளிடம் வாக்குமூலம் பெறும் நிலை எப்போதாவது வந்தால், சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ வரவழைக்கப் போக்சோ சட்டத்திலேயே வழி இருக்கிறது. 'பேச முடியாத பிள்ளை, என்ன சாட்சி சொல்லும்' என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.